காணா நூலகம்

பெரியதொரு பல்கலைக்கழக நூலகத்தினுள் நுழையும் மாணவனுடைய கண்ணில் முதலிற் படுவன யாவை? வரிசை வரிசையாக நிற்கும் நிலையடுக்குகள், அவற்றில் முதுகு காட்டி நிற்கும் நூல்கள், நீண்ட மேசைகள், அவற்றின் முன் தலைகுனிந்து படிக்கும் மக்கள். இவையே நூலகம் என்று அவன் எண்ணுகின்றான். அவ்வெண்ணம் பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. பத்து இலட்சம் நூல்களுக்கு நடுவே தனக்கு வேண்டிய ஒன்றைப் பத்து நிமிடத்தில் அவன் கையில் எடுத்துவிடுகின்றான். அஃது எவ்வாறு இயன்றது? ஒவ்வொரு நூலும் யாருடையது, எதைப் பற்றியது, எந்த அடுக்கில் எந்த இடத்தில் உள்ளது என்பவற்றையெல்லாம் யாரோ சிலர் முன்னரே ஆராய்ந்து பதிந்து வைத்திருக்கின்றனர். அப்பதிவே அவனுக்கு வழி காட்டியது. அப்பதிவு இல்லையாயின் அத்தனை நூல்களும் வெறுங் குவியலே ஆகும்.

கட்டடத்திற்கு அடித்தளம் எப்படியோ, நூலகத்திற்கு அப்பதிவு அப்படி. அடித்தளத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால், அது தளர்ந்தால் மாடமும் கோபுரமும் நில்லா. கண்ணுக்குத் தெரியும் நூலகத்தைத் தாங்கி நிற்கும் இக்காணா நூலகம், சென்ற அறுபது ஆண்டுகளுக்குள் தாளிலிருந்து மின்னணுப் பொறிக்கு மாறிவிட்டது. பதிவு மட்டும் மாறவில்லை. நூல்களும் ஆய்விதழ்களும் அவற்றைத் தொடர்ந்து பொறிக்குள் புகுந்துவிட்டன. இம்மாற்றத்தால் கற்போர் பெற்றவை பல. காத்துக்கொள்ள வேண்டியவையும் பல.

நூலகத்தின் நோக்கம் யாது என்பதைத் தெளிவாக வரையறுத்துச் சொன்ன பெரியோருள் ஒருவர் தமிழகத்தவர். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். 1924-ஆம் ஆண்டு அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வகுப்பறையின் கலகலப்பை விட்டு வந்தவருக்கு நூலகத்தின் தனிமை சில நாள்களிலேயே சலித்துவிட்டது. மீண்டும் கல்லூரிக்கே போய்விட விரும்பினார். ஆயினும் அவ்வாண்டிலேயே இலண்டனுக்குச் சென்று நூலகக் கலையைக் கற்று, அங்குள்ள நூலகங்கள் பலவற்றைக் கண்டபின் அவர் மனம் மாறியது. வாழ்நாள் முழுவதையும் அத்துறைக்கே அளித்தார். 1931-இல் வெளியிட்ட நூலில் நூலகவியலுக்குரிய ஐந்து விதிகளை அவர் வகுத்தார். நூல் பூட்டி வைப்பதற்கு உரியதன்று, பயன்படுத்துவதற்கு உரியது என்பதும், படிப்பவருடைய நேரம் வீணாகாதபடி நூலகம் இயங்க வேண்டும் என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பதும் அவ்விதிகளின் கருத்துகளுட் சில. கணிப்பொறி நூலகத்திற்குள் வருவதற்கு நெடுங்காலத்திற்கு முன்னர் அவர் சொன்னவை இவை. எனினும், எந்தப் பொறி வந்தாலும் அது நூலகத்திற்கு நன்மை செய்கின்றதா இல்லையா என்று அளந்து பார்ப்பதற்கு இவற்றினும் சிறந்த அளவுகோல் வேறில்லை.

இரங்கநாதன் பணியேற்ற காலத்தில் உலகத்துப் பெரிய நூலகங்கள் அட்டைப் பட்டியலை நம்பி வாழ்ந்தன. உள்ளங்கை அளவினும் சற்றே பெரிய தடித்த அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு நூலின் விவரம் எழுதப்பட்டிருக்கும். அட்டையின் அடியில் ஒரு துளை. இழுப்பறைக்குள் அட்டைகள் சிதறிவிடாதபடி அத்துளையின் வழியே ஒரு கம்பி செல்லும். ஆசிரியர் பெயரால் தேடுவார்க்கு ஓர் அட்டை, நூற்பெயரால் தேடுவார்க்கு ஓர் அட்டை, பொருளால் தேடுவார்க்கு ஒன்றோ பலவோ என ஒரு நூலுக்கே நான்கைந்து அட்டைகள் வேண்டும். புதிய நூல் வந்தால் அத்தனை அட்டைகளையும் எழுதி, அகர வரிசை பிறழாமல் இழுப்பறைகளிற் செருக வேண்டும். ஓர் அட்டை இடம் மாறிச் செருகப்பட்டால், அந்நூல் அடுக்கில் இருந்தும் இல்லாததே ஆயிற்று.

இவ்வுழைப்பில் வருந்தத்தக்க ஒன்று இருந்தது. ஒரே நூலை நூறு கல்லூரிகள் வாங்கினால், நூறு கல்லூரிகளிலும் நூறு பேர் அமர்ந்து அதே நூலின் விவரங்களைத் தனித்தனியே ஆராய்ந்து எழுதினர். ஒருவர் செய்த வேலை மற்றவருக்குப் பயன்படவில்லை. அமெரிக்க நாட்டின் காங்கிரசு நூலகம் 1901-ஆம் ஆண்டு முதல் அட்டைகளை அச்சிட்டுப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. சுமை சிறிது குறைந்தது. ஆயினும், அட்டை அஞ்சலில் வந்து சேரும் வரை நூல்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கணிப்பொறி இச்சிக்கலைத் தீர்க்கும் என்று சிலர் கருதினர். ஆனால், பொறிக்கு நூலைப் பற்றிச் சொல்வது எளிதன்று. ‘கம்பன்’ என்னும் சொல்லை ஓர் அட்டையிற் கண்டால், அஃது ஆசிரியர் பெயரா, ஆய்வுக்குரிய பொருளா, நூலின் பெயரில் ஒரு பகுதியா என்பதை மனிதர் அச்சொல் நிற்கும் இடத்தைக் கொண்டே அறிந்துகொள்வர். பொறியோ எழுத்துகளை மட்டுமே அறியும். எழுத்துகளின் பொருளை அறியாது. ஆதலால், விவரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘இஃது இன்னது’ என்று அடையாளம் இட்டுத் தர வேண்டும்.

இவ்வரும்பணியைச் செய்தவர் ஹென்றியட் அவ்ராம் என்னும் அம்மையார். அவர் நூலகப் பயிற்சி பெற்றவர் அல்லர். கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதுபவர். 1965-இல் காங்கிரசு நூலகத்தில் சேர்ந்த அவர், நூலகர்கள் ஓர் அட்டையை எழுதும்போது என்னென்ன எண்ணுகின்றனர், எதை எதனின்று பிரிக்கின்றனர் என்பதையெல்லாம் நுணுகி ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக எழுந்தது ‘மார்க்’ என்னும் பதிவு முறை. அம்முறையில் ஆசிரியர் பெயருக்கு 100 என்பது எண், நூற்பெயருக்கு 245, ஆய்வுக்குரிய பொருளாக அமையும் மனிதர் பெயருக்கு 600. இவ்வாறு ஒவ்வொரு விவரமும் தனக்குரிய எண்ணைத் தாங்கி நிற்கும். ‘கம்பன்’ என்பது 100-இல் நின்றால் அவன் நூலை எழுதியவன். 600-இல் நின்றால் அவனைப் பற்றி மற்றொருவர் எழுதினார் என்பது பொருள். 1968-இல் நிறைவெய்திய முன்னோட்டத்திற்குப் பின், 1973-க்குள் இம்முறையின் கட்டமைப்பு அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும், உலகத்து நூலகங்களின் பதிவுகளிற் பெரும்பகுதி இவ்வெண்களின்மீதே நிற்கின்றது.

பொறிக்குப் புரியும் மொழி கிடைத்துவிட்டது. இனி வேண்டுவது கூட்டுறவு. அதற்கு வழிகாட்டியது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். அங்குள்ள 54 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றுகூடி 1967-ஆம் ஆண்டு ‘ஒஹாயோ கல்லூரி நூலக மையம்’ என்னும் அமைப்பை நிறுவின. பிரெடரிக் கில்கோர் என்னும் நூலகர் அதற்குத் தலைமை ஏற்றார். அவருடைய எண்ணம் எளியது: ஒரு நூலைப் பற்றிய பதிவை எந்த நூலகமேனும் ஒருமுறை செய்துவிட்டால், மற்ற நூலகங்கள் அதனைத் தொலைபேசிக் கம்பியின் வழியே அந்நொடியிலேயே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கும் முறை இது.

1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில் பணியாளர்கள் திரையின்முன் அமர்ந்து இம்முறையைத் தொடங்கினர். முதல் நாளிலேயே 133 நூல்களுக்குப் பதிவு முடிந்தது. முதலாண்டில் அந்நூலகம் பதிந்த நூல்களின் தொகை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. அதே வேளையில் 17 பணியிடங்கள் குறைந்தன. பொறியின் வரவை மதிப்பிடுவோர் இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். ஒரு பக்கத்தில் கற்போருக்கு நூல்கள் விரைந்து கிடைத்தன. மறுபக்கத்தில், பல்லாண்டு பழகிய கைகளுக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

ஒஹாயோவில் தோன்றிய அம்முறை நாடு கடந்து பரவியது. இந்நாளில் அம்மையத்தின் பட்டியலில் 50 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஒரு நூல் எந்தெந்த நூலகங்களில் இருக்கின்றது என்பதையும் அப்பட்டியல் காட்டும். ஆதலால், தன் கல்லூரியில் இல்லாத நூலை மாணவன் பிறிதொரு கல்லூரியிலிருந்து இரவலாகப் பெற முடிகின்றது. அட்டைகள் மெல்ல மெல்ல விடைபெற்றன. அம்மையம் தான் அச்சிட்டுவந்த அட்டைகளை 2015-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதுவரை அது அச்சிட்ட அட்டைகள் ஏறத்தாழ 190 கோடி.

நூலைப் பற்றிய பதிவு பொறிக்குள் சென்றபின், நூலே பொறிக்குள் செல்வதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. நூலின் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்து, அப்படத்திலுள்ள எழுத்துகளைப் பொறியே படித்தறியுமாறு செய்தனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தங்கள் நூல்களின் இத்தகைய மின்வடிவங்களை ஓரிடத்தில் திரட்டிக் காப்பதற்காக 2008-இல் ‘ஹாத்தி டிரஸ்ட்’ என்னும் அமைப்பைத் தொடங்கின. ‘ஹாத்தி’ என்பது இந்தி மொழியில் யானையைக் குறிக்கும் சொல். யானை ஒருமுறை கண்டதை மறவாது என்பது உலக வழக்கு. ஆதலின் அப்பெயர் இட்டனர். 1 கோடியே 70 இலட்சத்திற்கு மேற்பட்ட தொகுதிகள் அங்கே உள்ளன. பதிப்புரிமைக் காலம் கடந்த நூல்களை எவரும் முழுமையாகப் படிக்கலாம். உரிமை உள்ள நூல்களில் ஒரு சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றது என்று தேடிப் பார்க்கலாம்.

இதன் பயனைப் பெரிதும் உணர்ந்தவர்கள் கண்பார்வை அற்ற மாணவர்கள். அச்சிட்ட நூல் அவர்களுக்கு மூடிய கதவு. யாரேனும் படித்துச் சொன்னாலன்றி அது திறவாது. மின்வடிவில் உள்ள நூலையோ பொறியே வாய்விட்டுப் படித்துக் காட்டும். இவ்வாறு நூல்களை அவர்களுக்கு வழங்குவது முறையானதே என்று 2014-ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பிறருடைய உதவியை எதிர்பாராமல், நள்ளிரவிலும் தாம் விரும்பிய நூலைத் தாமே படிக்கும் உரிமை அம்மாணவர்களுக்குக் கிடைத்தது. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்று பரவி நூலகங்கள் கதவடைத்தபோது, அதே மின்னூல்கள் மற்ற மாணவர்களுக்கும் துணை நின்றன.

இந்தியாவிலும் இப்பணி நடந்து வருகின்றது. பல்கலைக்கழக மானியக் குழு 1991-இல் ‘இன்ஃபிளிப்நெட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அது 1996-இல் தனி மையமாகி, பின்னர்க் காந்தி நகரில் நிலைபெற்றது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை எல்லாரும் படிக்கும் வண்ணம் திரட்டித் தரும் ‘சோத்கங்கா’ அம்மையத்தின் பணிகளுள் ஒன்று. முன்னெல்லாம் ஆய்வேடு ஒன்று முடிந்தால், அதன் படிகள் சில பல்கலைக்கழகத்து அடுக்கில் தூங்கும். அதே பொருளை வேறொரு நகரத்தில் ஆராய்பவர் அப்படி ஓர் ஏடு உண்டு என்பதையே அறியமாட்டார். இன்று பல இலட்சம் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே திறந்து பார்க்கலாம்.

இதுவரை கூறியவை வரவுகள். இனிச் செலவுப் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும்.

முதலாவது, உடைமை பற்றியது. முற்காலத்தில் நூலகம் ஓர் ஆய்விதழுக்குச் சந்தா செலுத்தினால், வந்த இதழ்கள் அதற்கே உரியவை. அடுத்த ஆண்டு பணம் இன்றிச் சந்தாவை நிறுத்தினாலும், முன்னர் வந்த இதழ்கள் அடுக்கிலேயே இருக்கும். மின்னிதழின் இயல்பு வேறு. பெரும்பாலும் நூலகம் வாங்குவது இதழை அன்று. அதனைப் பார்ப்பதற்குரிய இசைவை மட்டுமே. இதழ் பதிப்பாளருடைய பொறியில் இருக்கின்றது. பழைய இதழ்களை என்றும் பார்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாவிடின், சந்தா நின்ற அன்றே கதவும் மூடப்படும். சொந்த வீட்டில் வாழ்வதற்கும் வாடகை வீட்டில் வாழ்வதற்கும் உள்ள வேறுபாடே இது. பணம் மிக்க கல்லூரிகள் வாடகை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஏழைக் கல்லூரிகள் யாது செய்யும்? இக்குறையைப் போக்க எண்ணி இந்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300-க்கு மேற்பட்ட அரசுக் கல்வி நிலையங்கள் படிக்க வழி செய்வது அத்திட்டம். சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்கும் பெருநகர மாணவனுக்கும் ஒரே கதவு திறப்பது நன்றே. ஆயினும், அஃதும் ஆண்டுதோறும் பணம் செலுத்தித் திறந்து வைக்க வேண்டிய கதவு என்பதை மறத்தல் ஆகாது.

இரண்டாவது, அழிவு பற்றியது. இங்கிலாந்து நாட்டை வென்ற வில்லியம் என்னும் அரசன், தன் நாட்டின் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து 1086-இல் ஓர் ஏடு எழுதுவித்தான். ‘டூம்ஸ்டே ஏடு’ என்பது அதன் பெயர். தோலில் எழுதப்பட்ட அவ்வேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்க்கையைப் புதிதாகப் பதிவு செய்தது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் அதிற் பங்கு கொண்டனர். பள்ளிச் சிறுவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதினர். அவையனைத்தையும் அந்நாளில் புதுமையாக விளங்கிய ஒளித்தட்டுகளிற் பதிந்தனர். பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. அத்தட்டுகளைப் படிக்கும் பொறிகள் வழக்கொழிந்து போயின. தட்டு கையில் இருந்தது. அதனைப் படிக்க வழி இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் 2002-இல் பெருமுயற்சி செய்து, பழைய பொறியைப் போலவே புதிய பொறியை இயங்கச் செய்து, அச்செய்திகளை மீட்டனர். தொள்ளாயிரம் ஆண்டு வாழ்ந்தது தோல் ஏடு. பதினைந்து ஆண்டுகளில் ஊமையானது ஒளித்தட்டு! தாள் நூலை மறந்துவிட்டாலும் அது நூறாண்டு காத்திருக்கும். மின்னூலோ இடைவிடாத கவனிப்பை வேண்டும்.

மூன்றாவது, முகவரி பற்றியது. இணையத்தில் உள்ள ஒரு பக்கத்தைச் சான்றாகக் காட்டி ஒருவர் நூல் எழுதுகின்றார். சில ஆண்டுகளில் அப்பக்கம் இடம் மாறுகின்றது, அல்லது மறைகின்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிற் குறிக்கப்பட்ட இணைய முகவரிகளை ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சேர்ந்தோர் ஆராய்ந்து, அவற்றுட் பாதி முன்பு காட்டிய செய்தியை இப்போது காட்டவில்லை என்று கண்டனர். சான்று மறைந்தால் தீர்ப்பின் அடிப்படையையே பின்வருவோர் சரிபார்க்க இயலாது. இதற்கு மாற்றாக, ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் ஒன்றைத் தரும் முறையை நூலகங்களும் பதிப்பாளர்களும் ஏற்றுள்ளனர். கட்டுரை எங்கே மாறினாலும், எண்ணைப் பதிந்து வைத்திருக்கும் நிலையம் புதிய இடத்தைக் காட்டும். ஆனால், இடம் மாற்றியவர் அதனை அந்நிலையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். அறிவிப்பவர் அயர்ந்தால் எண்ணும் பயன்படாது.

நான்காவது, தாக்குதல் பற்றியது. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் உலகின் மிகப் பெரிய ஆராய்ச்சி நூலகங்களுள் ஒன்று. 2023 அக்டோபரில் கயவர் சிலர் அதன் கணிப்பொறிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, மீட்புப்பணம் கேட்டனர். நூலகம் கொடுக்க மறுத்தது. நூல்கள் எங்கும் போய்விடவில்லை. தீயோ வெள்ளமோ அவற்றைத் தீண்டவில்லை. ஆயினும், எந்த நூல் எங்கே இருக்கின்றது என்று கேட்பதற்குரிய பட்டியல் மூடிக்கிடந்தது. 2024 சனவரி நடுப்பகுதியிலேதான் அது மீண்டும் திறந்தது. தொலைவிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் பலர் நூலருகே வந்தும் நூலைப் பெறாது திரும்பினர். காணா நூலகம் விழுந்தால் காணும் நூலகமும் பயனற்றுப்போம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்விடர்களுக்கு மாற்று உண்டா? தமிழ் மக்களுக்கு அம்மாற்று புதியதன்று. பனையோலை நிலையற்ற பொருள். செல்லும் நீரும் அதனை அரிக்கும். ஆயினும், ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டுகள் பனையோலையின் வழியாகவே நம் கைக்கு வந்தன. எங்ஙனம்? பழைய ஏடு சிதையுமுன்னர்ப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். ஒரே நூலை வெவ்வேறு ஊரில், வெவ்வேறு மடத்தில், வெவ்வேறு புலவர் இல்லத்தில் வைத்துக் காத்தனர். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டியபோது, ஓரேட்டில் அழிந்திருந்த அடியை மற்றோர் ஏட்டிற் கண்டார். ஓரேட்டின் பிழையைப் பிற ஏடுகளோடு ஒப்பு நோக்கித் திருத்தினார். படிகள் பலவாக, பல இடங்களில் இருந்த நூல்கள் பிழைத்தன. ஒரே படியாக நின்றவை பல, பெயர் மட்டும் எஞ்ச, மறைந்தன.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999-இல் தோன்றிய ஒரு திட்டம் இதே வழியைப் பொறியின் மொழியிற் பேசுகின்றது. ‘லாக்ஸ்’ என்பது அதன் பெயர். படிகள் பலவாயின் பொருள் பத்திரமாகும் என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்தது. விக்டோரியா ரைக் என்னும் நூலகரும் டேவிட் ரோசன்தால் என்னும் பொறியியல் அறிஞரும் அதனை உருவாக்கினர். அத்திட்டத்திற் சேர்ந்த நூலகங்கள் ஒவ்வொன்றும் தான் சந்தா செலுத்திய மின்னிதழ்களின் படியைப் பதிப்பாளர் இசைவுடன் தன் பொறியில் வைத்துக்கொள்கின்றது. அப்பொறிகள் குறித்த காலந்தோறும் தம்முட் பேசிக்கொள்கின்றன. ‘இக்கட்டுரையின் படி உன்னிடம் எவ்வாறு உள்ளது?’ என்று ஒன்றை ஒன்று வினவுகின்றன. பலவற்றிலிருந்து ஒரு பொறியின் படி மட்டும் வேறுபட்டால், அப்படி பழுதுற்றது என்று அறிந்து, நல்ல படியைக் கொண்டு திருத்துகின்றன. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் காணும் புலவர் முறைக்கும் இதற்கும் எத்துணை ஒற்றுமை!

தமிழ் நூல்களின் வரலாற்றிலும் இத்தகைய காவல் நிகழ்ந்துள்ளது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாள் முழுவதும் பழந்தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் அறிவிப்புத் தாள்களையும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின், அச்செல்வம் சிதறிப் போகாதபடி சிகாகோப் பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. ஆயினும் அதனைக் கடல் கடத்திக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே இருக்கச் செய்தது. 1994-இல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. நொறுங்கும் தாள்களை நுண்படச் சுருள்களிற் பதிந்தனர். பின்னர் மின்வடிவிலும் பதிந்து வருகின்றனர். தனி ஒருவர் ஆர்வம் திரட்டியதைப் பலருடைய கூட்டுறவு காத்தது.

இவ்வளவும் தாமே நடப்பன அல்ல. மின்னூல்களைத் தாங்கும் பொறிகளுக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். வெப்பம் தணிக்கும் கருவி வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பொறியிலிருந்து புதிய பொறிக்கு எல்லாவற்றையும் பெயர்த்தல் வேண்டும். பதிவில் உள்ள பிழைகளைத் திருத்தவும், ஒரே பெயருடைய இரண்டு ஆசிரியர்களை வேறு பிரித்துக் காட்டவும், கற்றறிந்த நூலகர் வேண்டும். புதிய கட்டடத்திற்குப் பொருள் தருவோர் உளர். அதன் முகப்பில் அவர் பெயர் விளங்கும். பழைய கோப்பைப் புதிய பொறிக்கு மாற்றிய நூலகருடைய பெயரை எந்தக் கல்லிலும் பொறிப்பதில்லை. ஆதலின், பணமுடை வரும்போது முதலிற் குறைக்கப்படுவதும் இக்காணாப் பணிக்குரிய பொருளே. அக்குறைவு அன்றே தெரிவதில்லை; பத்தாண்டு கழித்து ஒரு மாணவன் தேடிய ஏடு திறவாதபோதே தெரிகின்றது.

நூலகரின் மற்றொரு கடமையும் இந்நாளில் வளர்ந்துள்ளது. முன்னர் நூல் கிடைக்காமையே மாணவனுக்கு இடர். இன்றோ, ஒரு சொல்லை இட்டால் பல்லாயிரம் ஏடுகளைப் பொறி கொட்டிவிடுகின்றது. மணியையும் பதரையும் அது பிரிப்பதில்லை. எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதனைச் சான்றாகக் கொண்டார், அச்சான்று இன்றும் உளதா என்று வினவிப் பழகும் மாணவனே அவ்வெள்ளத்தில் நீந்திக் கரை சேர்வான். அப்பழக்கத்தை ஊட்டும் ஆசிரியராகவும் நூலகர் விளங்குகின்றார்.

நூலகத்தை வளரும் உயிருக்கு ஒப்பிட்டார் இரங்கநாதன். உயிர்க்கு நாள்தோறும் உணவும் காவலும் வேண்டும் அன்றோ? மரம் நிழல் தருகின்றது என்று மகிழ்ந்து, வேருக்கு நீர் விடுவதை மறந்தால் நிழலும் நில்லாது. இன்று பள்ளியிற் பயில்வோருட் சிலர் நாளை நூலகராவர். சிலர் பொறிகளை இயக்குவர். சிலர் கல்லூரிக்குப் பொருள் ஒதுக்கும் அவையில் அமர்வர். எல்லாரும் நூலகத்தைப் பயன்படுத்துவர். தேடிய நூல் நொடிப்பொழுதில் திரையில் தோன்றும்போது, அதனை அங்கே கொணர்ந்து நிறுத்திய கைகளை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் முறை வரும்போது அக்கைகளோடு தம் கைகளையும் சேர்த்தல் வேண்டும். முன்னோர் பெயர்த்தெழுதிய ஏடு நம்மிடம் வந்து சேர்ந்தது. நாம் காக்கும் ஏடு நம்பின் வருவாரைச் சென்று சேரட்டும்.